முட்டி உரசும் வயசு

போன மாசம் என் அத்தை பையன் போன் பண்ணினான்.

"மச்சான், நீதான் எழுதுறவனாச்சே. தம்பியப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடேன். ஸ்பான்சர்கிட்ட காட்டணும். படிக்கிறவனுக்குக் கண்ணு கலங்கணும், அந்த மாதிரி."

தம்பி என்று அவன் சொன்னது அவன் மகனை. ஒன்பது வயது. மூன்றாம் வகுப்பு முடித்து நான்காம் வகுப்பு போகிறான். ஆறு வயதில் அவனுக்கு ஒரு குட்டி பைக் வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது கோ-கார்ட் டிராக்கில் ஓட்டுகிறான். வளைவில் பைக்கைச் சாய்த்து முட்டியைத் தரையில் உரசுகிற மாதிரி ஒரு போட்டோ குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது. நானும் ஹார்ட் போட்டேன்.

எழுத உட்கார்ந்தேன். பத்தே நிமிஷத்தில் அரைப் பக்கம் வந்துவிட்டது. புதுப்பேட்டை மெக்கானிக்கின் பேரன். தாத்தா ஷோலாவரம் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்தில் யாரோ ஒருவருக்கு டூல் பாக்ஸ் தூக்கிக்கொண்டு போனவர். அப்பா இருங்காட்டுக்கோட்டையில் ரெண்டு சீசன் ஓட்டியவர். மூன்றாம் தலைமுறை. கண்ணில் மோட்டோஜிபி கனவு. இதில் பொய் என்று ஒரு வரி கிடையாது. ஆனாலும் படித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது. அழித்துவிட்டேன். அவனுக்கு எழுதித் தராத அந்தப் பக்கத்துக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

பைக் ரேஸ் ஓட்டுகிறவனின் வாழ்க்கையைச் சொல்ல ஓர் அச்சு இருக்கிறது. உலகம் முழுக்க அதே அச்சு. நாலு வயதில் பைக் கேட்டான், அப்பா வாங்கித் தந்தார், வார இறுதிகளில் வேனில் படுத்துத் தூங்கினார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள், எட்டு வயதில் கோப்பை, பதினைந்தில் உலகப் போட்டி, இருபதில் உலக சாம்பியன். நடுவில் ஓர் எலும்பு முறிவு கட்டாயம் உண்டு. அது இல்லாவிட்டால் கதை ருசிக்காது.

இந்த அச்சுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற ஆள் மார்க் மார்க்கெஸ். (இந்தப் பக்கம் வருகிற வாசகர்களுக்கு மார்க்கெஸ் என்றால் வேறு ஆள் ஞாபகம் வரும். இவர் நாவல் எழுதவில்லை.) ஸ்பெயினின் கத்தலோனியாவில் செர்வேரா என்கிற சிறிய ஊர். 1993-ல் பிறந்தவர். நாலு வயதில் பைக் கேட்ட கதை இவருடையதுதான். 2008-ல் போர்ச்சுகலில் 125 சிசி பிரிவில் முதல் உலகப் பந்தயம், பதினைந்து வயது. ஆள் அவ்வளவு ஒல்லி. குறைந்தபட்ச எடை விதிக்காகப் பைக்கில் கனம் ஏற்றித்தான் ஓட்டவேண்டி இருந்தது. 2010-ல் 125 சிசி சாம்பியன், 2012-ல் மோட்டோ2 சாம்பியன், 2013-ல் மோட்டோஜிபிக்கு வந்த முதல் வருஷமே சாம்பியன். 2014-ல் முதல் பத்துப் பந்தயங்களையும் வரிசையாக ஜெயித்தார். 2016 முதல் 2019 வரை நாலு வருஷமும் பட்டம் அவருக்குத்தான்.

இதை நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களை இதற்குத்தான் கொடுத்திருக்கிறேன். ஆகவே "ரேஸ் பத்தித் தெரியாதவன் பேசுறான்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். எனக்கு இது பிடிக்கும். பிடித்ததால்தான் என் பங்கும் இதில் இருக்கிறது.

2020 ஜூலை 19, ஹெரெஸ். மார்க்கெஸ் விழுந்தார், வலது மேற்கை எலும்பு முறிந்தது. செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை செய்து டைட்டானியம் தகடு வைத்தார்கள். அதே சனிக்கிழமை மறுபடி பைக்கில் ஏறினார். டாக்டர்கள் முன்னால் தண்டால் எடுத்துக் காட்டித்தான் அனுமதி வாங்கினார். அந்த வீடியோவை நான் எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று கணக்கில்லை. "சிங்கம்டா" என்று எழுதி அனுப்பினேன். கை தாங்கவில்லை, தகுதிச் சுற்றிலேயே விலகிக்கொண்டார். சில நாள் கழித்து வீட்டில் ஜன்னல் கதவைத் திறக்கும்போது தகடு உடைந்தது. இரண்டாவது அறுவை. டிசம்பரில் மூன்றாவது, எட்டு மணி நேரம், எலும்பில் தொற்று வேறு. 2022 ஜூனில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நாலாவது. கோணலாகச் சேர்ந்துவிட்ட எலும்பை வெட்டித் திருப்பி மறுபடி பொருத்தினார்கள். இடையில் இரட்டையாகத் தெரிகிற பார்வைக் கோளாறு வேறு திரும்ப வந்தது. ஆறு வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில் ஜப்பானின் மோட்டேகியில் மறுபடி சாம்பியன் ஆனார். மொத்தத்தில் ஒன்பதாவது உலகப் பட்டம். அன்றைக்கு நான் அழுதேன். உண்மையாகவே.

ஆனால் இது ஒரு வளர்ந்த மனிதனின் கதை. இருபத்தேழு வயது, கையில் கோடிகள், பக்கத்தில் உலகத்தின் சிறந்த டாக்டர்கள். வேண்டாம் என்று அன்றே எழுந்து போக அவரால் முடியும். கேஸி ஸ்டோனர் அப்படித்தான் போனார். இரண்டு முறை உலக சாம்பியன், 2012-ல் இருபத்தேழு வயதில், வேகத்தின் உச்சத்தில் இருக்கும்போதே "போதும்" என்று கிளம்பிவிட்டார். அந்த உரிமை பெரியவர்களுக்கு உண்டு.

அதே ஸ்டோனரின் ஆரம்பத்தைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் அப்போது பதினாறு வயதுக்குக் கீழே தார் டிராக்கில் ரேஸ் ஓட்ட முடியாது. என்ன செய்தார்கள்? அவருக்குப் பதினாலு வயது இருக்கும்போது குடும்பமே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது, அங்கே அனுமதி உண்டு என்பதால். எல்லாக் கட்டுரைகளிலும் இது பெற்றோரின் தியாகம் என்றே வரும். நானும் அப்படித்தான் படித்தேன். ஒரு நாடு ஒரு பிள்ளையின் வயதைப் பார்த்து "இன்னும் ரெண்டு வருஷம் பொறு" என்று சொல்கிறது, வீட்டுக்காரர்கள் பொறுக்காமல் நாட்டையே மாற்றுகிறார்கள். ஸ்டோனர் ஜெயித்ததால் அது தியாகம். அவர் ஏதோ ஒரு வளைவில் முடிந்து போயிருந்தால் அதே செயலுக்கு நாம் என்ன பெயர் வைத்திருப்போம்?

அகோஸ்டா கதைக்கு வருகிறேன். வராவிட்டால் கமெண்டில் யாராவது இழுத்து வருவார்கள். பெத்ரோ அகோஸ்டா, ஸ்பெயினின் மசரோன் துறைமுகத்தைச் சேர்ந்த மீனவரின் மகன். 2021-ல் தோஹாவில் பிட் லேனில் இருந்து கிளம்பி ஜெயித்தபோது வயது பதினாறு. அந்த வருஷமே மோட்டோ3 சாம்பியன். "பாத்தியா, மீனவர் மகன், திறமை இருந்தா போதும்" என்று அத்தை பையன் என்னிடம் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பான். அகோஸ்டா வந்த ரூக்கீஸ் கப்பில் பைக்கையும் உடையையும் அவர்களே தருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அந்தத் தேர்வுக்குப் போய் நிற்பதற்கு முன்னால் ஏழெட்டு வருஷம் பிள்ளை ஓட்டியிருக்க வேண்டும். டயர், பெட்ரோல், நுழைவுக் கட்டணம், பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒரு லெதர் சூட். அந்தச் செலவு அப்பா அம்மா தலையில். அதைத் தாண்டி மோட்டோ3, மோட்டோ2 வரை வந்தவர்களில்கூட சம்பளம் வாங்குவதற்குப் பதில் ஸ்பான்சர் பணம் கொண்டுவந்து இடம் பிடிக்கிறவர்கள் உண்டு. இது ரகசியமே இல்லை, ரேஸ் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். மோட்டோஜிபியில் மொத்தம் இருபத்திரண்டு இருக்கை. அதில் ஒன்றில் உட்கார்ந்த மீனவர் மகன் நம் கண்ணுக்குத் தெரிகிறார். பாதியில் இறங்கிப் போன மீனவர் மகன்களைப் பற்றிப் புரொஃபைல் எழுத எவனும் வரமாட்டான்.

அகோஸ்டா ஜெயித்த அதே 2021-ல் வேறு மூன்று விஷயங்களும் நடந்தன. மே மாசம் இத்தாலியின் முகெல்லோவில் மோட்டோ3 தகுதிச் சுற்றில் சுவிஸ் ரைடர் ஜேசன் துபாஸ்கியே விழுந்து, பின்னால் வந்தவர்கள் மோதி, மறுநாள் இறந்தார். பத்தொன்பது வயது. ஜூலையில் ஆரகோனில், சிறுவர்களுக்கான கோப்பைப் பந்தயத்தில், பதினாலு வயதுப் பையன். செப்டம்பரில் ஹெரெஸில் 300 சிசி பிரிவில் பதினைந்து வயதுப் பையன், மோட்டோஜிபி ரைடர் மேவரிக் வின்யாலெஸின் சித்தப்பா-பெரியப்பா வகைத் தம்பி. நாலே மாசத்தில் மூன்று பேர்.

முகெல்லோவில் செய்தி வந்த பிறகும் ஒரு நிமிஷ மௌனம் அனுசரித்துவிட்டு மோட்டோஜிபி பந்தயத்தை ஓட்டினார்கள். ஓட்ட மனமே இல்லை என்று பன்யாயாவும் பெத்ரூச்சியும் வெளிப்படையாகச் சொன்னார்கள். குவார்ட்டராரோ ஜெயித்தார். நான் கடைசி லேப் வரை பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு பதில் வரும்: "இப்பல்லாம் ஏர்பேக் வெச்ச சூட், ஏர் ஃபென்ஸ், சரளை எல்லாம் வந்தாச்சு, முன்ன மாதிரி இல்ல." முன்ன மாதிரி இல்லைதான். தனியாக விழுகிறவன் இன்றைக்குப் பெரும்பாலும் எழுந்து நடந்து போகிறான். ஆனால் மேலே சொன்ன மூன்று பேரும் தனியாக விழுந்து சாகவில்லை. பின்னால் வந்த பைக் மோதித்தான். 2010-ல் மிசானோவில் தொமிசாவா, பத்தொன்பது வயது, அப்படித்தான். 2011-ல் செபாங்கில் சிமொன்செல்லி, அப்படித்தான். தரையில் கிடக்கிற உடம்பின் மேல் இன்னொரு பைக் ஏறும்போது எந்த ஏர்பேக்கும் காப்பாற்றாது.

சின்னப் பிள்ளைகளின் பிரிவில்தான் இந்த ஆபத்து கூடுதல் என்பதையும் சொல்லவேண்டும். காரணம் எளிது. செலவைக் குறைக்கவும் போட்டியைச் சமமாக்கவும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பைக், ஒரே சக்தி. பைக்கின் சக்தி குறைவு என்பதால் முன்னால் போகிறவனின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போனால்தான் வேகம் கிடைக்கும். எவனாலும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஓட முடியாது. இருபது பேர் ஒரே கொத்தாக நேர் பாதையின் முடிவுக்கு வந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் பிரேக் பிடித்து, ஒரே வளைவில் நுழைகிறார்கள். டிவியில் பார்க்க இதைவிட அழகான காட்சி கிடையாது. மோட்டோ3-தான் உண்மையான ரேஸ் என்று ரசிகர்கள் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கொத்தின் நடுவில் ஒருத்தன் விழுந்தால் பின்னால் வருகிறவன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவனுக்கும் அதே பதினாலு வயது. அவன் மீதி வாழ்க்கையை எதை நினைத்துக்கொண்டு வாழ்வான் என்று யாரும் கேட்பதில்லை.

மூன்று மரணத்துக்குப் பிறகு உலகப் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 2023 முதல் பதினெட்டு ஆக்கினார்கள், சில விதிவிலக்குகளோடு. கீழ்ப் படிகளிலும் கொஞ்சம் கூட்டினார்கள். ஆனால் கீழ்ப் படிகளில் இருப்பது இன்னமும் பிள்ளைகள்தான்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக். தேசிய சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன் காலையில் தகுதிச் சுற்றில் முதல் இடம் பிடித்தான். பிறகு நடந்த பந்தயத்தில் முதல் வளைவைத் தாண்டும்போது விழுந்தான். இறந்துபோனான். பதிமூன்று வயது முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பெயரை இணையத்தில் தேடினால் கிடைக்கும், நான் எழுதப்போவதில்லை. நம்மூர் கிளப் அந்த வார இறுதியின் மீதிப் பந்தயங்களை ரத்து செய்தது. முகெல்லோவில் செய்யாததை இங்கே செய்தார்கள், அதைச் சொல்லியாகவேண்டும்.

ஆனால் மறுநாள் வந்த அஞ்சலிகள்! "தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போனான்." இதை எழுதியவர்கள் நல்லவர்கள், துக்கத்தில் எழுதியவர்கள். இருந்தாலும் கேட்கிறேன். பதிமூன்று வயதில் எனக்குப் பிடித்தது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் நடப்பது. எங்கம்மா அதைப் பார்த்துவிட்டு "பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு" என்று விடவில்லை, விளக்குமாறு எடுத்தாள். பிடித்தது என்பது பெரியவர்கள் அனுமதி தருவதற்குக் காரணமாகாது. சாலையில் பதினெட்டு வயதுக்குக் கீழே கியர் வண்டி ஓட்டினால் குற்றம் என்கிற நாட்டில், அதைவிட எத்தனையோ மடங்கு வேகத்தில், கூட்டத்தோடு கூட்டமாக ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளை ஓட்டலாம் என்பதற்கு ஒரு லைசென்ஸும் பெற்றோரின் கையெழுத்தும் போதுமா?

"பிரக்ஞானந்தா பன்னெண்டு வயசுல கிராண்ட்மாஸ்டர் ஆகலையா? குகேஷ் பதினெட்டுல உலக சாம்பியன். சின்ன வயசுல ஆரம்பிச்சாத்தான்டா வரும்." இதுவும் அத்தை பையன்தான். சென்னைக்காரனிடம் செஸ்ஸைக் காட்டி வாயடைக்கப் பார்க்கிறான். சின்ன வயதில் ஆரம்பிக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவே இல்லை. சமநிலை, பயத்தைக் கையாள்வது, பிரேக்கை விரல் நுனியில் உணர்வது, இதெல்லாம் சின்ன வயதில்தான் உடம்பில் ஊறும். ஆனால் குகேஷ் பத்து வயதில் தோற்ற ஆட்டங்களுக்குப் பிறகு கை குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். கற்றுக்கொள்வதையும் கூட்டமாக விட்டு ஓட்டுவதையும் ஏன் ஒன்றாக்குகிறீர்கள்? பதினாறு வயது வரை கோ-கார்ட் டிராக்கில், சின்ன பைக்கில், வேகம் குறைவாக ஓட்டட்டும். பெரிய டிராக்குக்குப் போனால் கடிகாரத்தோடு மோதட்டும், ஒருத்தன் பின் ஒருத்தனாக இடைவெளி விட்டு. யார் வேகமானவன் என்பது அதிலேயே தெரிந்துவிடும். கூட்டமாக விடுவது பதினெட்டுக்கு மேல். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அகோஸ்டா பதினாறுக்குப் பதில் பதினெட்டில் ஜெயித்திருப்பார். அவ்ளோதானே?

"டிராக்க மூடினா பசங்க ஈசிஆர்ல ஓட்டிச் சாவான்" என்பார்கள். நான் எங்கே மூடச் சொன்னேன்? ஈசிஆரில் ஓட்டுகிற பையனிடம் நுழைவுக் கட்டணம் கட்டக் காசு இருந்தால் அவன் ஏன் ஈசிஆருக்குப் போகிறான்?

எனக்கு இதைவிடக் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. ஸ்பெயின்காரன் பிள்ளையைப் பணயம் வைத்தால் மேலே போக ஒரு மாடியாவது இருக்கிறது. நமக்கு? நம் பிள்ளை தேசிய சாம்பியன் ஆகலாம். கம்பெனி டீம் ஒன்றில் இடம் கிடைத்தால் ஓரளவு சம்பளம், அந்த இடங்களோ விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்கு மேல் ஆசிய சாம்பியன்ஷிப். அதற்கு மேல் படிக்கட்டு அநேகமாக இல்லை. 2011-ல் சென்னையின் சரத்குமார் 125 சிசி உலகப் போட்டியில் சில பந்தயங்கள் ஓட்டினார். பெரிய விஷயம், தமிழ்ப் பத்திரிகைகள் கொண்டாடியிருக்க வேண்டிய விஷயம். மோட்டோஜிபி பிரிவில் இதுவரை ஓர் இந்தியரும் ஓட்டியதில்லை. மஹிந்திரா அதே 2011-ல் உலகப் போட்டிக்குள் போனது, 2016-ல் அஸ்ஸெனில் முதல் வெற்றியும் பெற்றது. ஓட்டியவர் பன்யாயா, இத்தாலிக்காரர், பின்னாளில் இரண்டு முறை மோட்டோஜிபி சாம்பியன். அடுத்த வருஷத்தோடு மஹிந்திரா கடையைக் கட்டியது. 2023-ல் நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில் மோட்டோஜிபியே வந்தது, பெட்செக்கி ஜெயித்தார், அடுத்த வருஷம் நடக்கவில்லை. உலகத்திலேயே மிக அதிகமாக இருசக்கர வண்டி விற்கிற சந்தைகளில் ஒன்று நாம். நாம் வாடிக்கையாளர்கள். நம் பிள்ளைகள் அந்த வியாபாரத்தின் விளம்பரப் படத்தில் முட்டி உரசுகிறார்கள்.

அத்தை பையன் ஓட்டிய ரெண்டு சீசனை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அப்போது அவனுக்கு இருபத்தொன்று. அத்தையின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, மாமா கடையில் ஒரு ஷட்டர் வாடகைக்குப் போனது. இரண்டாவது சீசனின் மூன்றாவது சுற்றில் காலர் போன் உடைந்தது. தேறி வந்தபோது அவன் இடத்தில் வேறு ஒரு பையன் இருந்தான். யாரும் "நீ வேண்டாம்" என்று சொல்லவில்லை. போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஒரு ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர். மழைக்காலத்தில் தோள் வலிக்கிறது என்று இடது கையால்தான் ஜாப் கார்டு எழுதுவான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாதியில் அறுந்த ஒன்றை மகன் கையில் கொடுத்து முடிக்கச் சொல்கிறான், எத்தனையோ அப்பாக்கள் இஞ்சினியரிங் சீட்டை வைத்துச் செய்ததைத்தான் இவன் பைக்கை வைத்துச் செய்கிறான். இஞ்சினியரிங்கில் அரியர்தான் விழும்.

எழுத மாட்டேன் என்று போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"உனக்குப் பொறாமைடா" என்றான்.

"இருக்கலாம். பதினெட்டு ஆகட்டும், நானே எழுதித் தர்றேன். முழு புக்காவே எழுதறேன்."

"பதினெட்டுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும் மச்சான். அதுக்கப்புறம் எவன் பாப்பான்?"

அவன் சொன்னது உண்மை. அதுதான் இதில் பெரிய அசிங்கம். நாம் எழுதுகிற கதைகள்தான் அதை உண்மையாக்கி வைத்திருக்கின்றன. "பதினைந்து வயதில்" என்ற மூன்றாவது வரி இல்லாத ரேஸ் கட்டுரையை நானும் இதுவரை எழுதியதில்லை. மேலே மார்க்கெஸைப் பற்றி எழுதிய பத்தியைப் போய்ப் பாருங்கள், அதிலும் இருக்கும். எழுதும்போது எனக்கே ஒரு கிளுகிளுப்பு இருந்தது.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை பையன் முகம் கொடுத்துப் பேசவில்லை, காபி வந்தது. தம்பி உள்ளே கூட்டிப் போய்ப் புது லெதர் சூட்டைக் காட்டினான். ஒரு அளவு பெரிதாக வாங்கியிருக்கிறார்கள், அடுத்த வருஷமும் ஆகுமே என்று. கை நீளம், இரண்டு மடிப்பு மடித்துக் குண்டூசி குத்தியிருந்தது.

"மாமா, மார்க்கெஸுக்கு இப்பவும் கை வலிக்குமா?"

வலிக்கும்டா என்றேன். எந்தக் கை என்று கேட்டான். வலது கை என்றதும் தன் வலது கையை நீட்டி, மடக்கி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.